ஒரே கம்பெனி, ஐந்து வளர்ச்சி விகிதங்கள்: எது சரி?

கும்பகோணத்தில் அப்பாவோடு பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "டிமார்ட் பங்கை வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இணையதளம் அதன் விற்பனை வளர்ச்சி 24 சதவீதம் என்கிறது. இன்னொன்று 19 என்கிறது. தரகு நிறுவனத்தின் அறிக்கையில் 17 என்று இருக்கிறது. எதை நம்புவது? நானே கணக்கிட வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது, எத்தனை ஆண்டுகளை எடுப்பது?"

மூன்றுமே சரிதான் தம்பி. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஓர் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுவது ஐந்து நிமிட வேலை. எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது, வந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் இந்த இரண்டாவது வேலை உங்களுக்குச் சுலபமாகவே வரும்.

முதலில் எண்களை எடுத்துவிடுவோம். டிமார்ட் பல்பொருள் அங்காடிகளை நடத்தும் நிறுவனத்தின் பெயர் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். அதன் ஆண்டறிக்கைகள் நிறுவனத்தின் தளத்திலும் மும்பை, தேசியப் பங்குச்சந்தைகளின் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. லாப நட்டக் கணக்கில் முதல் வரியாக வரும் 'செயல்பாட்டு வருவாய்' என்பதை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே 'இதர வருமானம்' என்று ஒன்று இருக்கும். வங்கி வட்டி, பழைய வண்டியை விற்ற லாபம் போன்றவை அதில் அடக்கம். இரண்டையும் கூட்டி 'மொத்த வருமானம்' என்று போட்டிருப்பார்கள். அவசரத்தில் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டிய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டே வட்டி வருமானம் கொட்டும். அதை விற்பனை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முதல் வரியிலேயே கோணலாகிவிடும்.

நிறுவனத்தின் தனித்த கணக்குப்படி (துணை நிறுவனங்களைச் சேர்க்காத கணக்கு) செயல்பாட்டு வருவாயும், மார்ச் இறுதியில் இருந்த கடைகளின் எண்ணிக்கையும் இவை:

2019–20: 24,675 கோடி ரூபாய், 214 கடைகள்
2020–21: 23,787 கோடி, 234 கடைகள்
2021–22: 30,353 கோடி, 284 கடைகள்
2022–23: 41,833 கோடி, 324 கடைகள்
2023–24: 49,533 கோடி, 365 கடைகள்
2024–25: 57,790 கோடி, 415 கடைகள்

ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி என்பது இந்த ஆண்டை முந்தைய ஆண்டால் வகுத்து ஒன்றைக் கழிப்பது. 57,790ஐ 49,533ஆல் வகுத்தால் 1.167. ஆகவே 16.7 சதவீதம். இப்படியே மேலே போனால் 18.4, 37.8, 27.6, பிறகு கழித்தல் 3.6 என்று வரும். இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 19.4. இது வெறும் சராசரி. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இடத்தில் சராசரி எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தியே காட்டும். 100 ரூபாய் 50ஆகி மறுபடி 100 ஆனால் உங்கள் கையில் ஒரு காசும் கூடவில்லை. ஆனால் கழித்தல் 50, கூட்டல் 100 இரண்டுக்கும் சராசரி பார்த்தால் ஆண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி என்று வரும்!

அதனால்தான் கூட்டு வளர்ச்சி விகிதத்தைப் பார்க்கிறோம். கடைசி ஆண்டின் விற்பனையை முதல் ஆண்டின் விற்பனையால் வகுங்கள். இடையில் எத்தனை ஆண்டு இடைவெளியோ அத்தனையாவது மூலம் எடுங்கள். ஒன்றைக் கழியுங்கள். எக்செல்லில் =(கடைசி/முதல்)^(1/இடைவெளி)-1 என்று ஒரே வரி. மேலே உள்ள பட்டியலில் ஆறு எண்கள் இருக்கின்றன, ஆனால் இடைவெளி ஐந்துதான். ஆறு என்று போட்டால் 15.2 வரும், ஐந்து என்று போட்டால் 18.6 வரும். மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம். நான் பார்த்த தவறுகளில் இதுவே மிகச் சாதாரணமானது. பட்டயக் கணக்காளர் அலுவலகத்திலிருந்து வந்த தாளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தொடக்க ஆண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிவு ஆண்டு எல்லாவற்றுக்கும் 2024–25தான். 2019–20இலிருந்து தொடங்கினால் 18.6. 2020–21இலிருந்து 24.8. 2021–22இலிருந்து 23.9. 2022–23இலிருந்து 17.5. கடைசி ஓராண்டு மட்டும் என்றால் 16.7. ஒரே நிறுவனம், ஒரே கணக்குப் புத்தகம், ஐந்து விடைகள். நீங்கள் சொன்ன 24, மூன்றாண்டுக் கணக்கு. 19, ஐந்தாண்டுக் கணக்கு. தரகு நிறுவனம் ஓராண்டையோ இரண்டாண்டையோ எடுத்திருக்கிறது.

24 ஏன் உயரமாகத் தெரிகிறது? 2020–21 முழுவதும் கொரோனா ஊரடங்கின் நிழல். 2021–22இன் முதல் இரண்டு மாதங்கள் இரண்டாம் அலை. கடையைச் சில மணி நேரம் மட்டும் திறக்கலாம், அத்தியாவசியப் பொருளைத் தவிர வேறு விற்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு. அந்த ஆண்டுகளைத் தொடக்கமாக வைத்தால், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிய உயரமும் வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். மூன்றாண்டு வளர்ச்சி என்று காட்டும் தளங்கள் இதை எங்கும் அடிக்குறிப்பாகக்கூடப் போடுவதில்லை.

இதை உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். 2016 பிப்ரவரி 22 அன்று மகாமகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கூட்டம். குளக்கரையைச் சுற்றியுள்ள கடைகளில் செம்பும் குடமும் விளக்கும் எப்படிப் போயிருக்கும் என்பதை உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். அது 2015–16 நிதியாண்டு. ஒரு பாத்திரக்கடையில் 2014–15இல் 60 லட்சத்துக்கு விற்றது, மகாமக ஆண்டில் 80 லட்சம், அடுத்த ஆண்டு 64 லட்சம், 2019–20இல் 85 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனைதான், போக்கு அப்படித்தான் இருக்கும். 2016–17ஐ மட்டும் பார்க்கிறவர் '20 சதவீதம் சரிவு, கடை படுத்துவிட்டது' என்பார். மகாமக ஆண்டிலிருந்து தொடங்கினால் 2019–20 வரை ஆண்டுக்கு 1.5 சதவீத வளர்ச்சிதான். அதற்கு ஓராண்டு முன்னாலிருந்து தொடங்கினால் 7.2 சதவீதம். அதே கடை, அதே கல்லா. போதாக்குறைக்கு 2016 நவம்பர் 8ஆம் தேதி பணமதிப்பிழப்பும் அந்த 2016–17இல்தான் வந்து விழுந்தது.

இதற்கு நேர்மாறாக 2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பட்டுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு 2018–19 விற்பனையை அடிப்படையாக வைத்து வளர்ச்சி கணக்கிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகள் பிரமாதமாகத் தெரியும். அதே தெருவில் தகரக் கூரையும் குழாயும் மின்கம்பியும் விற்றவருக்கோ அந்த ஆண்டே உச்சமாக இருந்திருக்கும். எந்த ஆண்டு 'வழக்கமான ஆண்டு' என்பது ஊரைப் பொறுத்தது, சரக்கையும் பொறுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு ஓர் ஊர் விழுந்தால் இன்னோர் ஊர் தாங்கும். ஆனால் நாடு முழுவதும் சேர்ந்து விழுந்த கொரோனா ஆண்டுகளில் அந்தத் தாங்கலும் இல்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒற்றை ஆண்டோடு ஒற்றை ஆண்டை ஒப்பிடாமல், முதல் மூன்று ஆண்டுகளின் சராசரியையும் கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிமார்ட்டின் விற்பனை 2017–18இல் 15,009 கோடி, 2018–19இல் 19,916 கோடி. அவற்றோடு 2019–20ஐச் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறத்தாழ 19,867 கோடி. கடைசி மூன்றின் சராசரி ஏறத்தாழ 49,719 கோடி. நடு ஆண்டுகளுக்கு இடையே இடைவெளி ஐந்து. விடை 20.1 சதவீதம். கொரோனா ஆண்டுகள் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. நீங்கள் ஒற்றை எண் ஒன்றைத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதையே எழுதச் சொல்வேன்.

ஆனால் ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்கிறவர் பங்கு வாங்கக் கூடாது என்பது என் கட்சி. சில்லறை வணிகத்தில் விற்பனை மூன்று வழிகளில் கூடும்: புதுக் கடை திறப்பது, பழைய கடையில் அதிகச் சரக்கு போவது, அதே சரக்கு விலையேறுவது. உங்கள் அப்பா கும்பகோணத்தில் 60 லட்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்து, மன்னார்குடியில் இன்னொரு கடை போட்டு அதில் 50 லட்சம் விற்றால், குடும்பத்தின் விற்பனை 83 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் கும்பகோணம் கடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மன்னார்குடிக் கடைக்கு அட்வான்ஸ், அலமாரி, சரக்கு என்று போட்ட முதலுக்கு வட்டி கட்ட வேண்டும். அந்த 83 சதவீதத்தைப் பார்த்துப் பெண் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

டிமார்ட்டுக்கு இதைப் பிரித்துப் பார்ப்போம். ஆண்டு இறுதியில் உள்ள கடை எண்ணிக்கையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மார்ச் 28ஆம் தேதி திறந்த கடை அந்த ஆண்டு விற்பனைக்கு நான்கு நாள்தான் உழைத்திருக்கும். டிமார்ட் ஒவ்வோர் ஆண்டும் கடைசிக் காலாண்டில் நிறையக் கடைகளைத் திறக்கும் பழக்கமுள்ள நிறுவனம். அதனால் தொடக்க எண்ணிக்கையையும் இறுதி எண்ணிக்கையையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2019–20க்கு 176ம் 214ம் சேர்ந்து சராசரி 195. 2024–25க்கு 365ம் 415ம் சேர்ந்து 390. ஐந்தாண்டில் கடைகள் சரியாக இரண்டு மடங்கு.

சராசரிக் கடை ஒன்றின் விற்பனை 2019–20இல் 126.5 கோடி. 2024–25இல் 148.2 கோடி. ஐந்தாண்டில் 17 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 3.2 சதவீதம்தான். கடை எண்ணிக்கையோ ஆண்டுக்கு 14.9 சதவீதம் கூடியிருக்கிறது. 1.149ஐ 1.032ஆல் பெருக்கினால் 1.186. மேலே கண்ட அதே 18.6 சதவீதம் திரும்ப வந்துவிட்டது பாருங்கள். கணக்கு ஒத்துப்போனால்தான் பிரித்தது சரி. கூட்டல் கணக்காகப் பிரிக்காதீர்கள், பெருக்கல் கணக்காகப் பிரியுங்கள்.

ஆக, அந்த 18.6இல் பெரும்பங்கு புதுக் கடைகளால் வந்தது. இது குற்றச்சாட்டு அல்ல. இடத்தைச் சொந்தமாக வாங்கிக் கடை கட்டும் வழக்கமுள்ள நிறுவனம், லாபத்தை மறுபடி கடைகளிலேயே போட்டு இப்படி வளர்ந்திருக்கிறது. ஆனால் நாளைய வளர்ச்சியை மதிப்பிடும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. 'விற்பனை எத்தனை சதவீதம் கூடும்?' என்பதல்ல, 'ஆண்டுக்கு எத்தனை கடை திறப்பார்கள், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?' என்பது. 200 கடை இருக்கும்போது 40 கடை திறந்தால் 20 சதவீதம். 400 கடை இருக்கும்போது அதே 40 கடை 10 சதவீதம்தான். பழைய வளர்ச்சி விகிதத்தை அப்படியே முன்னால் நீட்டிக் கோடு போடுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நிறுவனங்கள் தாங்களாகவே ஒரு கணக்கைத் தருகின்றன. பழைய கடைகளின் வளர்ச்சியை மட்டும் தனியே சொல்வது. டிமார்ட் 24 மாதங்களாவது இயங்கிய கடைகளை மட்டும் இதில் சேர்க்கிறது. 2023–24இல் இது 9.9 சதவீதம், 2024–25இல் 8.4 சதவீதம். மேலே நான் கண்டுபிடித்த 3.2க்கும் இதற்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்று, 3.2 என்பது கொரோனா பள்ளத்தையும் உள்ளடக்கிய ஐந்தாண்டுக் கணக்கு. இரண்டு, என் சராசரியில் இன்னும் கால் ஊன்றாத புதுக் கடைகளும் கலந்திருக்கின்றன, அவை சராசரியைக் கீழே இழுக்கும். மூன்றாம் ஆண்டில் இருக்கும் கடை வேகமாக வளரும், பத்தாம் ஆண்டுக் கடை மெதுவாகத்தான் வளரும். எனவே இளங்கடைகள் நிறைய உள்ள நிறுவனத்தின் 'பழைய கடை வளர்ச்சி' இயல்பாகவே கொஞ்சம் புஷ்டியாகத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தக் கணக்குக்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. சில நிறுவனங்கள் 12 மாதம் முடிந்த கடையையே பழைய கடையாகச் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன் அறிக்கையின் விளக்கக் குறிப்பில் வரையறையைப் படித்துவிடுங்கள்.

கடைக்குக் கடை என்பதைவிடச் சதுர அடிக்கு எவ்வளவு என்பது இன்னும் நம்பகமான அளவுகோல். ஏனெனில் புதுக் கடைகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. டிமார்ட்டின் அறிக்கைப்படி சதுர அடிக்கு விற்பனை 2019–20இல் சுமார் 32,900 ரூபாய். 2023–24இலும் சுமார் 32,900 ரூபாய்தான். நடுவில் 27,000 பக்கம் இறங்கி, மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. அந்த நான்கு ஆண்டுகளில் நாட்டின் சில்லறை விலைவாசி சுமார் கால்பங்கு உயர்ந்துவிட்டது. அப்படியானால் ஒரு சதுர அடியில் விற்ற பொருளின் அளவு குறைந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். பெரிய கடைகள், புதிய சிறிய ஊர்கள், கொரோனாவுக்குப் பிறகு ஆடை, வீட்டுச் சாமான் ஆகியவற்றின் பங்கு குறைந்தது என்று காரணங்கள் உண்டு. மொத்த விற்பனை இரண்டு மடங்கான செய்தியை மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

விலையேற்றத்தின் வேலையை நகைக்கடைப் பங்குகளில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். மதுரையின் தங்கமயில், திருச்சூரின் கல்யாண், டாடா குழுமத்தின் டைட்டன் எல்லாமே பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். சென்னையில் பவுன் விலை 2024 மார்ச் இறுதியில் 50,000 ரூபாயைத் தொட்டது. ஓராண்டில், 2025 மார்ச்சில், 65,000ஐத் தாண்டிவிட்டது. 50,000 ரூபாய் விலையில் 100 பவுன் விற்ற கடை, 65,000 விலையில் 85 பவுன் விற்றால் விற்பனை 50 லட்சத்திலிருந்து 55.25 லட்சம் ஆகிறது. 10.5 சதவீத வளர்ச்சி! ஆனால் போன நகையோ 15 சதவீதம் குறைவு. கடைக்காரரின் சம்பாத்தியம் பெரும்பாலும் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். எடை குறைந்தால் நகை செய்து கொடுக்கும் வேலையும் குறைகிறது. ஆகவே நகைக்கடைப் பங்கைப் பார்க்கிறவர், ஆண்டறிக்கையிலோ முதலீட்டாளர்களுக்கான விளக்கத்திலோ எடைக் கணக்கு தருகிறார்களா என்று தேட வேண்டும். தராத நிறுவனத்துக்கு, அந்தந்த ஆண்டின் சராசரிப் பவுன் விலையால் விற்பனையை வகுத்துத் தோராயமாகப் பார்க்கலாம். வைரமும் வெள்ளியும் கலந்திருப்பதால் துல்லியம் இருக்காது, திசை தெரியும்.

இனி, எண்களை எடுக்கும்போதே கவனிக்க வேண்டிய சில இடறல்கள்.

தனித்த கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு இருக்கும். டிமார்ட்டுக்கு 2024–25இல் தனித்த விற்பனை 57,790 கோடி, ஒருங்கிணைந்தது 59,358 கோடி. இணையவழி விற்பனை தனித் துணை நிறுவனத்தில் நடப்பதால் இந்த வித்தியாசம். எதை எடுத்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே எடுங்கள். கடைவாரிக் கணக்குக்குத் தனித்ததுதான் பொருந்தும், ஏனெனில் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. சில இணையதளங்கள் பழைய ஆண்டுகளுக்குத் தனித்ததையும் புதிய ஆண்டுகளுக்கு ஒருங்கிணைந்ததையும் ஒட்டிப் போட்டுவிடும்.

வேறொரு கம்பெனியை வாங்கியதால் வந்த வளர்ச்சியைப் பிரித்துவிடுங்கள். வடக்கே கடைகள் வைத்திருந்த வி-மார்ட் 2021இல் தெற்கில் இயங்கிய அன்லிமிடெட் கடைகளை வாங்கியது. அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டு விற்பனை வளர்ச்சியில் அந்தக் கடைகளும் கொரோனாவிலிருந்து மீண்டதும் பின்னிக் கிடக்கின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. ஆதித்ய பிர்லா ஃபேஷன் 2025இல் மதுரா பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. அதைக் கவனிக்காமல் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டால் விற்பனை பாதியில் அறுந்ததுபோலத் தெரியும். இப்படிப்பட்ட நேரங்களில் புதிய அறிக்கையில் 'முந்தைய ஆண்டு' என்ற பத்தியில் திருத்திப் போட்டிருக்கும் எண்ணையே எடுக்க வேண்டும். பழைய அறிக்கையில் இருப்பதை அல்ல.

பெரிய பல்பொருள் அங்காடிகளில் இன்னொரு சங்கதி. கடைக்குள் ஒரு மூலையை ஒரு பிராண்டுக்கு விட்டிருப்பார்கள், சரக்கு அந்த பிராண்டுக்காரருடையது. அங்கே 1,000 ரூபாய்க்குச் சட்டை விற்றால், கடை நடத்தும் நிறுவனம் தன் பங்கான கமிஷனை மட்டும் வருவாயாகக் காட்ட வேண்டி வரலாம். முதலீட்டாளர் கூட்டத்தில் சொல்லும் 'மொத்த விற்பனை' முழு 1,000ஐயும், சில சமயம் ஜிஎஸ்டியையும் சேர்த்ததாக இருக்கும். லாப நட்டக் கணக்கில் ஜிஎஸ்டி ஒருபோதும் வருவாயில் சேராது. அது அரசாங்கத்தின் பணம், கடைக்காரர் வசூலித்துக் கொடுக்கிறார். உங்கள் கடையில் நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்.

காலாண்டு முடிவுகளை வைத்து வளர்ச்சி பார்ப்பதானால், முந்தைய காலாண்டோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விடுகிற காலத்தில் கையிலிருக்கும் பணம் உரத்துக்கும் உழவுக்கும் போகும். சம்பா அறுத்து நெல் விற்ற பிறகு, தை, மாசி முகூர்த்தத்தில்தான் சீர்வரிசைப் பாத்திரமும் பட்டும் நகையும் நகரும். ஆடித் தள்ளுபடி எப்போதும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் விழும். பொங்கல் எப்போதும் கடைசிக் காலாண்டில். தீபாவளி மட்டும் நழுவிக்கொண்டிருக்கும்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. பண்டிகை மூன்றாம் காலாண்டை (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) விட்டு வெளியே போகாது என்றாலும், அக்டோபர் 20 என்றால் துணி எடுப்பது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நவம்பர் 12 என்றால் முழுதும் அக்டோபர், நவம்பரில் அடங்கிவிடும். இரண்டாம் காலாண்டு திடீரென்று துள்ளினால் கம்பெனி மாறிவிட்டது என்று முடிவு கட்டும் முன் நாள்காட்டியைப் புரட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளைச் சேர்த்து ஆறு மாதமாகப் பார்த்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

விற்பனை வளர்ச்சியோடு கூடவே ஒரே ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: ஆண்டிறுதிச் சரக்கிருப்பு. விற்பனை 15 சதவீதம் கூடி, சரக்கிருப்பு 35 சதவீதம் கூடியிருந்தால், புதுக் கடைகளை நிரப்பியதாலா, விற்காமல் தேங்கியதாலா என்று பார்க்க வேண்டும். மளிகையில் தேங்கினால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஜவுளியில் அடுத்த ஆடித் தள்ளுபடி வரை மறைத்து வைக்கலாம். தள்ளுபடியில் தள்ளிவிட்டால் விற்பனை வளர்ச்சி அழகாக வரும், லாப விகிதம் அடிபட்டிருக்கும்.

எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். முடிந்தால் பத்து. நடுவில் குறைந்தது ஒரு மோசமான ஆண்டாவது இருக்க வேண்டும், அதில் நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பது பத்து நல்ல ஆண்டுகளைவிட அதிகம் சொல்லும். டிமார்ட் பங்கு 2017 மார்ச்சில்தான் பட்டியலிடப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுக் கணக்கு பங்கு வெளியீட்டின்போது வந்த விளக்க ஆவணத்தில் இருக்கிறது. கடை எண்ணிக்கையும் அதிலேயே கிடைக்கும். அண்மையில் பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனத்துக்கும் முதலில் திறக்க வேண்டிய ஆவணம் அதுதான். வெறும் மூன்றாண்டுக் கணக்கு மட்டும் கிடைக்கிற நிறுவனமாக இருந்தால், அந்த மூன்றும் எந்த மூன்று என்று பாருங்கள். 2021–22ஐத் தொடக்கமாக வைத்துச் சந்தைக்கு வந்தவர்களின் வளர்ச்சி எல்லாமே கொழுகொழு என்றுதான் இருக்கும்.

தாளில் ஏழு பத்தி போடுங்கள்: ஆண்டு, விற்பனை, ஆண்டு வளர்ச்சி, சராசரிக் கடை எண்ணிக்கை, கடைக்கு விற்பனை, நிறுவனம் சொல்லும் பழைய கடை வளர்ச்சி, சரக்கிருப்பு. ஓரத்தில் குறிப்பு எழுத இடம் விடுங்கள். கொரோனா, கையகப்படுத்தல், கணக்குமுறை மாற்றம் எல்லாம் அங்கே போக வேண்டும். பழைய ஆண்டுகளுக்குக் கடை எண்ணிக்கை கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். டிமார்ட்டுக்கு முடித்த பிறகு அதே தாளில் இன்னொரு நிறுவனத்தையும் போட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.